கறுப்பு மாட்டின் தோலில் எதுவும் தெரியவில்லை: உண்ணிச்செடி நச்சு, ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சத்தியமங்கலம் மலைக்காட்டை ஒட்டிய ஒரு சிற்றூரில், ஏப்ரல் மாதக் கடைசியில் நடந்தது இது. மூன்று ஏக்கர் மானாவாரி நிலம் வைத்திருக்கும் ஒரு குடும்பம். வீட்டில் ஏற்கெனவே உள்ளூர் நாட்டினமான பர்கூர் மாடுகள் இரண்டும் சில வெள்ளாடுகளும் இருந்தன. பால் ஊற்றினால் மாதாமாதம் கையில் காசு புரளும் என்று சமவெளியிலிருந்து இரண்டு கலப்பினக் கறவை மாடுகளை வாங்கி வந்திருந்தார்கள். வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஒன்று கறுப்பில் வெள்ளைத் திட்டுகள் கொண்டது. இன்னொன்று மூக்கு முதல் மடிக்காம்பு வரை கறுப்பு. இனி இவற்றைத் திட்டு மாடு, கறுப்பு மாடு என்றே சொல்கிறேன்.

அந்த ஆண்டு கோடை கடுமை. சோளத்தட்டுப் போர் தீர்ந்துவிட்டது. வைக்கோலை வெளியூரிலிருந்து வண்டி வைத்துக் கொண்டுவந்தால் கட்டுப்படியாகாது. காட்டுக்குள் ஓட்டிவிடவும் வழியில்லை. சத்தியமங்கலம் காடு 2013-இல் புலிகள் காப்பகமானது. 2022-இல் உயர் நீதிமன்றம் புலிகள் காப்பகங்களுக்குள் மேய்ச்சலைத் தடுத்த பிறகு, காட்டோரத்து மாடுகளுக்கு மிஞ்சியது வரப்பும் வேலியோரமும்தான்.

இவர்கள் தோட்டத்து வேலி முழுக்க உண்ணிச்செடி, ஆங்கிலத்தில் லான்டானா. பூ அழகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த செடி இது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவில் வைத்தது, பறவைகளின் எச்சம் வழியாக நாடு முழுக்கப் பரவிவிட்டது. இன்று சத்தியமங்கலத்திலும் நீலகிரியிலும் மரத்தடி எல்லாம் இதுதான். ஆடுமாடு தின்னாது, முள் இருக்கிறது, தண்ணீர் கேட்காது என்பதால் பல தோட்டங்களில் அதையே வேலியாக விட்டுவிட்டார்கள்.

அந்த வேலி பாதையை அடைத்துக்கொண்டு வளர்ந்ததால், மாடுகள் வருவதற்குச் சில வாரங்களுக்கு முன் அரிவாளால் இடுப்பளவுக்கு வெட்டிவிட்டிருந்தார்கள். நடுவில் ஒரு கோடை மழை பெய்தது. வெட்டிய இடமெல்லாம் இளந்தளிர் வந்துவிட்டது.

முதல் இரண்டு நாள்

இரண்டு கலப்பின மாடுகளையும் நீளக் கயிற்றில் வேலியோரம் கட்டியிருந்தார்கள். கறுப்பு மாடு வேலிக்கு நெருக்கமாக நின்றது. மறுநாள் காலை இரண்டுமே தீவனத் தொட்டியில் வாய் வைக்கவில்லை. பால் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. இடம் மாறியதால் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். புதிதாக வாங்கிய மாட்டுக்கு அப்படி நடப்பதும் உண்டுதான்.

இரண்டாம் நாள் மதியம் திட்டு மாட்டின் மூக்கு சிவந்து காய்ந்து வெடித்தது. வெள்ளைத் திட்டுகள் இருந்த இடத்தில் தோல் தடித்து, தொட்டால் உதறியது. மாடு நிழலைத் தேடி ஓடியது. கறுப்பு மாடு நின்ற இடத்திலேயே அமைதியாக நின்றது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் திட்டு மாட்டின் கண்ணைப் பார்த்துவிட்டு, மஞ்சக்காமாலை என்று சொல்லி, கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து மூங்கில் குழாயில் புகட்டினார். கறுப்பு மாட்டுக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. அதற்கு வெயில் ஒத்துக்கொண்டது, இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதுதான் அன்றைய முடிவு.

பெரியவர் காமாலை என்று சொன்னது சரி. அதை அவர் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். இன்னொரு மாட்டின் கண்ணையும் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள்: பார்த்தவை

அந்தப் பகுதியில் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். மூன்றாம் நாள் காலை அந்த வீட்டம்மா தொலைபேசியில் சொன்ன முதல் வாக்கியம், "டாக்டருங்க, மாட்டுக்கு வெள்ளை இருக்கிற எடமெல்லாம் வெந்து போச்சுங்க" என்பது. வெள்ளை இருக்கும் இடம் மட்டும் வேகிறது என்றால் ஒளி ஒவ்வாமை. அதோடு காமாலையும் சேர்ந்தால் கல்லீரல். காட்டோரத்தில் கல்லீரல் என்றால் முதல் சந்தேகம் உண்ணிச்செடியின் மேல்தான். இரண்டு மாடுகளையும் உடனே இருட்டான கொட்டகைக்குள் கட்டச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

திட்டு மாடு: உடல் வெப்பம் 101.6 டிகிரி ஃபாரன்ஹீட், இயல்பான அளவு. கண் இமையின் உட்புறமும் ஈறும் மஞ்சள். மூக்கில் தோல் உரிந்து நீர் கசிந்தது. இடது விலாப் பள்ளத்தில் கையை வைத்து அழுத்தினால் பெருவயிறு (அசை போடும் மாட்டின் முதல் பெரிய இரைப்பை) அசைவது மிக மெதுவாகத் தெரிந்தது. சாணி கெட்டியாக, சளி பூசியதுபோல, கொஞ்சம்தான் போட்டிருந்தது.

கறுப்பு மாடு: தோலில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் கண் இமையைப் பிரித்தால் திட்டு மாட்டைவிட ஆழ்ந்த மஞ்சள். பெருவயிற்றில் அசைவே இல்லை. முந்தின இரவிலிருந்து சாணி போடவில்லை. சிறுநீர் கடுங்காப்பி நிறமா என்று பார்த்தேன். இல்லை, அடர் மஞ்சளாக நுரைத்திருந்தது. கண்கள் உள்வாங்கியிருந்தன.

பர்கூர் மாடுகள் இரண்டும் ஆடுகளும் நன்றாக இருந்தன.

காமாலை வரும் வேறு நோய்களையும் ஒதுக்க வேண்டியிருந்தது. முக்கியமாக இரண்டு இரத்த ஒட்டுண்ணி நோய்கள். தைலீரியா என்றால் கடும் காய்ச்சல் இருக்கும், தோள்பட்டை முன் நிணநீர்க் கட்டி வீங்கியிருக்கும். பேபீசியா என்றால் காய்ச்சலோடு சிறுநீர் சிவந்து வரும். இரண்டுமே கலப்பின மாடுகளை அதிகம் தாக்குபவை, அதனால் எளிதில் தள்ளிவிட முடியாது. இரத்தப் பூச்சு எடுத்து அனுப்பினோம். முடிவு மறுநாள்தான் வரும். ஒரே நேரத்தில் இரண்டு மாடுகள், காய்ச்சல் இல்லை, வயிறு நின்றுவிட்டது, வெள்ளைத் தோலில் மட்டும் சூடு: இவை நான்கும் ஒன்றாகச் சேர்ந்ததால் முடிவுக்குக் காத்திருக்கவில்லை. மறுநாள் வந்த பூச்சு முடிவில் ஒட்டுண்ணி எதுவும் இல்லை.

வேலியில் பார்த்தது

மாடு கட்டியிருந்த முளைக்குச்சியைச் சுற்றிக் கயிறு எட்டும் தூரம் வரை போய்ப் பார்த்தோம். கறுப்பு மாடு நின்ற பக்கம், தரையிலிருந்து நெஞ்சளவு வரை தளிர் எல்லாம் கடித்து எடுத்திருந்தது. வெட்டிப் போட்ட பழைய கிளைகளும் வேலிக்குள்ளேயே கிடந்தன. அவற்றிலும் இலை மேய்ந்திருந்தது.

"இது உண்ணிச்செடிதானே, தெரியாதா?" என்று கேட்டபோது அந்த வீட்டுக்காரர், "பூ இருந்தா தெரியுமுங்க, இது வெறுந்தழையாவல்ல நின்னுச்சு" என்றார். நியாயமான பதில். இந்தச் செடியை எல்லோரும் பூவை வைத்துத்தான் அடையாளம் வைத்திருக்கிறார்கள்: ஒரே கொத்தில் நடுவில் மஞ்சளும் ஓரத்தில் ஆரஞ்சோ சிவப்போ இளஞ்சிவப்போ, அப்புறம் பச்சைக் காய், பழுத்தால் கருநீலம். வெட்டிவிட்ட செடியில் தளிர் வரும்போது இது எதுவும் இருக்காது. அப்போது பார்க்க வேண்டியவை வேறு. தண்டை விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினால் உருளாது, நான்கு பட்டையாக இருக்கும். பட்டை ஓரத்தில் கீழ்நோக்கி வளைந்த சிறு முட்கள், இளந்தண்டில் இவை மென்மையாக இருப்பதால் மாட்டின் வாயைத் தடுக்காது. இலைகள் எதிரெதிரே ஜோடியாக வரும். விளிம்பு ரம்பப்பல் போல இருக்கும், மேற்புறம் சொரசொரப்பு. கசக்கினால் மூக்கில் ஏறும் ஒரு காட்டமான வாசனை. கசக்கிப் பார்த்த கையைக் கண்ணில் வைக்காமல் கழுவிவிட வேண்டும்.

இங்கே பிறந்து வளர்ந்த மாடுகள் பசித்தாலும் பெரும்பாலும் இதைத் தொடுவதில்லை. சமவெளியில் கட்டுத்தறியில் வளர்ந்த மாட்டுக்கு அந்தப் பழக்கம் இருக்காது. வெளியூரிலிருந்து வந்த மாடு, பசி, இளந்தளிர் மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டன. ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் ஆடுகளுக்கு ஆபத்தில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவை அங்கொரு வாய் இங்கொரு வாய் என்று மேய்ந்தன, அவ்வளவுதான். கட்டிப்போட்டு வேறு தீவனம் இல்லாமல் விட்டால் ஆடும் சாகும்.

உடலுக்குள் நடப்பது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எடுத்த முடிவுகள் எல்லாம் இதிலிருந்து வந்தவை.

இலையில் லான்டடீன் என்ற நச்சுகள் இருக்கின்றன. பசுந்தழையாக மாட்டின் எடையில் சுமார் 1% தின்றாலே போதும். 350 கிலோ மாட்டுக்கு மூன்றரை கிலோ தழை, பசியோடு இருக்கும் மாடு ஒரு காலைப் பொழுதில் தின்றுவிடும். நச்சு கல்லீரலில் பித்தம் வழியும் நுண்குழாய்களைக் கெடுக்கிறது. பித்தம் வெளியேறாமல் தேங்குகிறது. அதனால் கண் மஞ்சளாகிறது.

சூரிய ஒளிக்கும் இதற்கும் என்ன தொடர்பு? மாடு தின்னும் எந்தப் பச்சையிலும் பச்சையம் இருக்கிறது. அதைப் பெருவயிற்றுக் கிருமிகள் சிதைக்கும்போது ஃபைலோஎரித்ரின் என்ற பொருள் உண்டாகிறது. நல்ல மாட்டில் அது பித்தத்தோடு வெளியே போய்விடும். பித்தம் நின்றுவிட்டால் அது இரத்தத்தில் சேர்ந்து தோலுக்கு வருகிறது, அங்கே வெளிச்சம் பட்டதும் தோலைச் சுடுகிறது. கறுப்புத் தோலில் நிறமி வெளிச்சத்தைத் தடுத்துவிடுவதால் சூடு படாது. ஆகவே தோலில் தெரிவது வெயிலின் வேலை. நச்சு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைத் தோல் சொல்லாது. முழுக் கறுப்பு மாட்டில் அது கடைசிவரை ஒன்றையும் காட்டாமலே போகலாம்.

இன்னொன்று, கல்லீரல் கெட்டதும் பெருவயிறு அசைவை நிறுத்திவிடுகிறது. தின்ற இலை அங்கேயே கிடக்கிறது. கிடக்கும் இலையிலிருந்து நச்சு நாள் கணக்கில் ஊறி ஏறிக்கொண்டே இருக்கிறது. செடியிலிருந்து மாட்டை விலக்கிவிட்டால் போதும் என்று இருந்துவிட முடியாது.

எடுத்த முடிவுகள்

முதலில் நிழல். கொட்டகையின் மேற்குப் பக்கம் சாக்கு கட்டி அடைத்தோம். மேய்ச்சலை மாலை இருட்டிய பிறகு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். காட்டோரத்தில் இருட்டில் மாட்டை வெளியே விடுவது சரிப்படாது, யானை வரும் வழி. தீவனத்தை உள்ளேயே கொண்டுவந்து போடச் சொன்னேன்.

அடுத்தது வயிற்றில் கிடக்கும் இலை. இதற்கு இரண்டு வழி. அறுவை செய்து பெருவயிற்றைத் திறந்து எல்லாவற்றையும் அள்ளி எடுத்துவிட்டு, நல்ல மாட்டின் வயிற்றுச் சாறைப் போடலாம். சீக்கிரம் பிடித்தால் இது நல்ல வழி. ஆனால் மூன்றாம் நாள், கல்லீரல் இந்த நிலையில், கறுப்பு மாடு நிற்கவே தள்ளாடும்போது, மாட்டுக் கொட்டகையில் அதைச் செய்ய வேண்டாம் என்று முடிவு செய்தேன். வண்டியில் ஏற்றிப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாமா என்றும் பேசினோம். மலைப்பாதையில் திறந்த வண்டியில், நண்பகல் வெயிலில் போக வேண்டும். அதுவும் வேண்டாம் என்றானது.

மிஞ்சியது ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது நுண்துளைகள் நிறைந்த, பதப்படுத்திய கரி. இலை நச்சை அது தன்மேல் பிடித்து வைத்துக்கொள்ளும், குடல் வழியாக வெளியே கொண்டுபோய்விடும். ஒரு பெரிய மாட்டுக்கு 2 முதல் 2.5 கிலோ வேண்டும், சுமார் 20 லிட்டர் உப்புக் கரைசலில் கலந்து வயிற்றுக்குள் குழாய் விட்டு ஊற்ற வேண்டும். மருந்துக் கடையில் கிடைப்பது கிராம் கணக்குப் பொட்டலம். அடுப்புக் கரியை இடித்துக் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். அது வேறு, இது வேறு. நச்சைப் பிடிக்கும் நுண்துளைகள் அடுப்புக்கரியில் அந்த அளவுக்கு இருக்காது. நல்லவேளை, கொங்கு நாட்டில் கொட்டாங்குச்சியிலிருந்து ஆக்டிவேட்டட் கார்பன் தயாரிக்கும் ஆலைகள் உண்டு. காங்கேயம் பக்கம் ஒருவர் மூலம் உணவுத் தரத்தில், மாவாக அரைத்த நான்கு கிலோ அன்று இரவுக்குள் வந்து சேர்ந்தது. தண்ணீர் வடிகட்டிக்குப் போடும் குருணை உதவாது, மாவாகத்தான் இருக்க வேண்டும்.

நான்கு கிலோவை எப்படிப் பங்கிடுவது என்பதில் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. திட்டு மாடு பிழைக்க வாய்ப்பு அதிகம், அதற்கே முழுதும் கொடுக்கலாம். ஆனால் அளவுக்கு மேல் கொடுப்பதால் பெரிய பலன் இல்லை. இரண்டு மாட்டுக்கும் இரண்டிரண்டு கிலோ கொடுத்தோம். குழாயை விட்டதும் வயிற்று வாடை வருகிறதா என்று உறுதி செய்த பிறகே கரைசலை ஊற்றினோம். கரி நுரையீரலுக்குள் போனால் நச்சைவிட வேகமாகக் கொல்லும். மூங்கில் குழாயில் புகட்டுவதை நிறுத்தச் சொன்னதும் இதனால்தான், கீழாநெல்லி மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை.

இரத்தக் குழாயில் டெக்ஸ்ட்ரோஸும் உப்புக் கரைசலும், பி வைட்டமின்களும் போட்டோம். வெந்த தோலுக்கு உப்புத் தண்ணீரில் கழுவி, துத்தநாகக் களிம்பு. ஈ மொய்க்காமல் இருக்க ஓரங்களில் வேப்பெண்ணெய். வலிக்கு டைக்ளோஃபெனாக் கேட்டார்கள், பழைய பழக்கம். இறந்த மாட்டைத் தின்னும் பாறு கழுகுகளைக் கொல்வதால் 2006-லேயே கால்நடைகளுக்கு அது தடை செய்யப்பட்டது, மாயாறு பள்ளத்தாக்கில் இன்னும் அந்தக் கழுகுகள் இருக்கின்றன. இந்த மாடுகளுக்கோ கல்லீரல் தேறும்வரை எந்த வலிமருந்தும் வேண்டாம் என்று தள்ளிவைத்தேன்.

கறந்த கொஞ்சப் பாலையும் சொசைட்டிக்கு ஊற்ற வேண்டாம், கன்றுக்கும் விட வேண்டாம், கொட்டிவிடுங்கள் என்றேன். அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. மாட்டுக் கடன் தவணை அந்த வாரம் கட்ட வேண்டியிருந்தது என்று பிறகு தெரிந்தது.

தொடர்ந்து நடந்தது

நான்காம் நாள் திட்டு மாடு கறுப்பாகக் கழிந்தது. கரி குடலைத் தாண்டிவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை. ஐந்தாம் நாள் மாலை அது கொஞ்சம் அசை போட்டது. கறுப்பு மாடு ஐந்தாம் நாள் படுத்துவிட்டது. கழிச்சல் வரவே இல்லை. ஆறாம் நாள் விடியலில் இறந்தது.

வீட்டாரின் ஒப்புதலோடு அறுத்துப் பார்த்தோம். கல்லீரல் வீங்கிக் காவி மஞ்சளாக இருந்தது. பித்தப்பை வழக்கத்தைவிடப் பல மடங்கு ஊதியிருந்தது. சிறுநீரகங்களும் வெளிறி வீங்கியிருந்தன. பெருவயிற்றில் கரி ஒரு பக்கமாகத் தங்கியிருந்தது, அதனடியில் ரம்ப விளிம்பு தெரியும் இலைத் துண்டுகள் இன்னும் செரிக்காமல் கிடந்தன. தின்று ஆறு நாள் ஆகிறது. தோலை உரித்தபோது அடியில் கொழுப்பு முழுக்க மஞ்சள். வெளித்தோலில் அப்போதும் ஒன்றும் இல்லை.

உடலைக் காட்டோரம் வீசாமல் ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம்.

திட்டு மாட்டுக்கு மூக்குத் தோலும் முதுகின் வெள்ளைத் தோலும் பாளம் பாளமாக உரிந்து, கீழே இளந்தோல் வர ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆனது. அதுவரை பகலில் வெளியே விடவில்லை. பிழைத்துவிட்டது. பால் அந்த ஈற்றில் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. இறந்த மாட்டுக்குக் காப்பீடு இல்லை, வாங்கிய கையோடு காப்பீட்டுக்கான காதுத் தோடு (அடையாள வில்லை) போடச் சொல்லியிருந்தார்கள், அதற்குள் இது நடந்துவிட்டது.

செடியை எடுத்த விதம்

வேலி பட்டா நிலத்தில் இருந்ததால் எடுப்பதற்குத் தடை இல்லை. காட்டுக்குள் இருக்கும் செடியை யாரும் தன் விருப்பத்துக்கு வெட்டக் கூடாது, வனத்துறை மூலம்தான்.

வெட்டிவிட்டால் இது சாவதில்லை, இன்னும் தழைக்கும். இந்தக் கதையே அங்கிருந்துதான் தொடங்கியது. தீ வைத்தாலும் வேரடியிலிருந்து முளைக்கும், கோடையில் காப்பகத்தை ஒட்டித் தீ வைப்பது குற்றமும்கூட. டெல்லிப் பல்கலைக்கழகத்துத் தாவரவியலாளர் சி.ஆர்.பாபுவின் குழு உருவாக்கிய முறையைப் பின்பற்றினோம். மண்ணுக்குக் கீழே 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் முதன்மை வேரை வெட்ட வேண்டும். முளைவிடும் பகுதி அதற்கு மேலேதான் இருக்கிறது. வெட்டிய தூரை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து வேர் வானம் பார்க்க வைத்துவிட்டால் மறுபடி மண்ணைப் பிடிக்காது. முழு வேரையும் தோண்டிக்கொண்டு மண்ணைக் கிளற வேண்டியதில்லை, கிளறினால் புதைந்திருந்த விதை முளைக்கும்.

வேலை செய்தவர்களுக்குத் தடித்த தோல் கையுறை, முழுக்கைச் சட்டை, மூடிய செருப்பு. துணிக் கையுறையை முள் துளைத்துவிடும். முதலில் நீளக் கம்பால் தட்டிப் பாம்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே கை வைத்தார்கள். வேலை முடிந்ததும் கைகால் கழுவி, சட்டையைத் தனியே துவைத்தார்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவில்லை. பழுத்த பழத்தைச் சிறுவர்கள் தின்பது ஊர்ப்பக்கம் சாதாரணம், ஆனால் பச்சைக் காய் குழந்தைகளுக்கு ஆபத்தானது. கையில் இரண்டும் கலந்துதான் வரும்.

எடுத்த செடியை ஆடுமாடு எட்டாத இடத்தில், முள்ளடைப்புக்குள் குவித்துக் காயவிட்டோம். காய்ந்தால் விஷம் போய்விடும் என்ற எண்ணம் இந்த ஊரிலும் இருக்கிறது. போகாது, காய்ந்த இலையிலும் இருக்கும். இலை உதிர்ந்த நீளக் குச்சிகளைக் கேட்டு ஒருவர் வந்தார், கூடை நாற்காலி செய்ய. மாதேஸ்வரன் மலையில் சோளகர் இந்தக் குச்சியில் மரச்சாமான் செய்கிறார்கள். கூடலூர்ப் பகுதியில் இதைக் கொண்டு முழு உருவ யானைகளே செய்து 2021-இல் லண்டன் பூங்காக்களில் வைத்தார்கள். இவ்வளவு செடி இருக்கும்போது அந்த உபயோகத்தால் மட்டும் தீராது, ஆனாலும் குச்சிக்கு விலை இருந்தால் எடுக்க ஆள் வரும்.

வேலி வெறுமையாகிவிடக் கூடாது, காலி இடத்தில் அதே செடிதான் முதலில் வரும். கொங்கு நாட்டுக் கொறங்காடுகளில் (வேலியடைத்த மேய்ச்சல் நிலங்களில்) நடும் கிளுவைப் போத்துகளை, அதாவது நட்டால் வேர்விடும் கிளைகளை, வேலிக்கும், அடியில் கொழுக்கட்டைப் புல்லையும் வைத்தார்கள்.

மாற்ற வேண்டியவை

காட்டோரத்துக்குப் புதிதாக மாடு வந்தால் முதல் சில வாரம் வயிறு நிறைய உலர்தீவனம் போட்ட பிறகே வெளியே கட்ட வேண்டும், வெட்டிவிட்ட உண்ணிவேலி பக்கம் கட்டவே கூடாது. இப்போது மாடு வாங்கியவர்களிடம் சினையா, எத்தனை ஈற்று என்பதோடு இதையும் சேர்த்துச் சொல்கிறோம்.

ஒரு மாட்டுக்கு மூக்கு வெந்தால் அந்தக் கட்டுத்தறியில் உள்ள எல்லா மாட்டுக்கும் கண் இமையைப் பிரித்துப் பார்க்க வேண்டும், விலாப் பள்ளத்தில் கை வைத்துப் பார்க்க வேண்டும். கறுப்பு மாட்டை முதலில் பார்க்க வேண்டும். இரண்டாம் நாள் காலையிலேயே தீவனம் எடுக்காத இரண்டையும் அப்படிப் பார்த்திருந்தால் கரியை ஒரு நாளுக்கு மேல் முன்னதாகக் கொடுத்திருக்கலாம். அது கறுப்பு மாட்டைக் காப்பாற்றியிருக்குமா என்பது அது தின்ற அளவைப் பொறுத்தது. ஆனால் வயிறு முழுசாக நிற்பதற்கு முன் கரி உள்ளே போயிருக்கும்.

கரியைத் தேடி அலைந்த அந்தப் பகல் இனி இருக்கக் கூடாது என்று, சுற்று வட்டாரத்துப் பால் ஊற்றுவோர் சேர்ந்து ஐந்து கிலோ மாவுக் கரியைக் காற்றுப் புகாத டப்பாவில் வாங்கி வைத்திருக்கிறார்கள். குழாய் விடத் தெரிந்தவர் வரும்வரை அதைத் தொடக் கூடாது என்று டப்பா மேல் எழுதி ஒட்டியிருக்கிறது. கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-உம் அதிலேயே இருக்கிறது.

வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு போனபோது கிளுவை துளிர்த்திருந்தது. கொண்டைக்குருவிகள் உட்காரும் வேப்பமரத்தடியில் உண்ணி நாற்றுகள் வரிசையாக முளைத்திருந்தன. ஈரம் இருக்கும்போது கையுறையோடு பிடித்து இழுத்தால் வேரோடு வந்துவிடுகிறது, அந்த அம்மா வாரம் ஒருமுறை எடுக்கிறார். பக்கத்துத் தோட்டக்காரர் தன் பக்கத்து வேலியை இன்னும் எடுக்கவில்லை. அது இருக்கும்வரை இந்தப் பக்கம் நாற்று வந்துகொண்டேதான் இருக்கும். கிளுவைப் போத்து தருவதாகச் சொல்லி அவரிடம் பேசியிருக்கிறார்கள், அடுத்த கோடைக்கு முன் பார்க்கலாம் என்றிருக்கிறார்.